கபிலனின் தொப்பை

‘சார்பட்டா பரம்பரை’ பார்த்திருப்பீர்கள். 2021 ஜூலையில் நேராக ஓ.டி.டி.யில் வந்த பா.இரஞ்சித் படம். வியாசர்பாடி, ராயபுரம் பக்கத்து பாக்ஸிங் கதை. எல்லோரும் டான்ஸிங் ரோஸைக் கொண்டாடினார்கள். எனக்குப் பிடித்தது கபிலனின் தொப்பை!

சிரிக்காதீர்கள். மேடையிலேயே துணி உருவப்பட்டு அவமானப்பட்ட கபிலன், ஜெயிலுக்குப் போய் வந்து, சாராய பிசினஸில் இறங்கி, கடைசியில் தன் சரக்குக்குத் தானே கஸ்டமர் ஆகிறான். (1974-லேயே சாராயக்கடைகளை மூடிவிட்டதால், எல்லாம் கள்ளச்சரக்குதான்.) முகம் உப்பி, வயிறு தள்ளி ஆர்யா நடந்து வரும்போது, வசனமே தேவைப்படவில்லை.

மிலிட்டரியிலிருந்து திரும்பிய சிலரை உங்கள் தெருவிலும் இப்படிப் பார்த்திருக்கலாம். விசில் சத்தத்துக்கு எழுந்து பழகிய உடம்பு. ஊருக்கு வந்ததும் விசில் நின்றுவிடும். கேன்டீனில் சரக்கு கோட்டா மட்டும் நிற்காது. ரிங்கை இழந்த பாக்ஸரும் அதே ஜாதிதான். விடிந்தால் செய்ய ஒரு வேலை இல்லை. இந்த வெறுமையை இவ்வளவு நிதானமாகக் காட்டிய தமிழ்ப்படங்கள் குறைவு.

சரி, மீண்டது எப்படி? அங்கேதான் எனக்கு வருத்தம். அம்மா மனசு மாறுகிறாள், பீடி ராயப்பன் கடலோரத்தில் பயிற்சி கொடுக்கிறார், பாட்டு ஓடுகிறது, தொப்பை காணோம்! மூன்று மணி நேரத்தைத் தொடும் படத்தில் குடியை நிறுத்துகிற நாட்களுக்கு இடமே இல்லை.

நிஜத்தில் அந்த நாட்கள்தான் கதையே. வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், தூக்கம் போய்விடும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். அதற்கப்புறம் இல்லாத ஆட்களோடு பேச ஆரம்பிப்பார்கள். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். ‘மனசு வைச்சா விட்டுடலாம்’ என்று வீட்டுக்குள் பூட்டிவைக்கிற குடும்பங்களுக்கு இது தெரியாது. டாக்டர், மாத்திரை, பி-1 ஊசி எல்லாம் வேண்டும். அடையாறில் டி.டி.கே. மருத்துவமனை 1980-லிருந்து இதைத்தான் செய்கிறது. ராயபுரத்துக்குப் பக்கம் கீழ்ப்பாக்கம். ஆனால், நம் சினிமாவுக்குக் கீழ்ப்பாக்கம் என்றாலே காமெடி டிராக்தானே?

எழுபதுகளின் கபிலனுக்கு ஆஸ்பத்திரி வாய்த்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாரியம்மா இருந்தாளே! புருஷன் நடுங்கிக்கொண்டு கிடக்கும் ராத்திரியில், பக்கத்தில் உட்கார்ந்து அவள் என்ன செய்தாள்? துஷாரா விஜயனுக்கு அந்த ஒரு சீனைக் கொடுத்திருக்கலாம் இரஞ்சித்.