குழந்தை தூங்கும் வீட்டில் ஓர் ஓவன்

ஓவன் ‘டிங்’ என்றது. மறுநொடி அறைக்குள்ளிருந்து அழுகை. கேக் வெந்துவிட்டது, சரி. ஆனால் மகளைத் தூங்க வைக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. மேசை ஓவனைப் பற்றி என்றைக்காவது எழுதினால் லிட்டர், வாட் என்று தொடங்கக்கூடாது, மணியில்தான் தொடங்க வேண்டும் என்று அன்று இரவே முடிவு செய்துவிட்டேன்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பிரிக்பீல்ட்ஸில், ஒரு பழைய அடுக்குமாடி வீட்டில். இரண்டே அறை. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். துன் சம்பந்தன் சாலையின் இரைச்சல் ராத்திரி வரைக்கும் மேலே வந்துகொண்டிருக்கும். மோனோரயில் போகும், பூக்கடைப் பக்கம் பாட்டு போடுவார்கள். தீபாவளிக் காலத்தில் கேட்கவே வேண்டாம். அதற்கெல்லாம் என் மகள் இமைகூட அசைக்கமாட்டாள். ஓவன் மணிக்கு மட்டும் எழுந்துவிடுவாள்.

வாங்கியது 30 லிட்டர் மேசை ஓவன். 239 வெள்ளி, 1600 வாட், மூன்று திருகுகள். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. இந்த விலைக்குக் கடையில் அடுக்கி வைத்திருப்பவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். முகப்பில் பெயர்தான் வேறு, உள்ளே மேலே இரண்டு கம்பி, கீழே இரண்டு கம்பி, அதே திருகுகள். ஆகவே இது ஒரு கருவிக்கான விமர்சனம் என்பதைவிட, ஒரு வகைக்கான விமர்சனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மணியை நிறுத்த முடியாது. நேரத் திருகுக்குள் இருப்பது சுருள்வில். முறுக்கிவிட்டால் ‘டிக் டிக்’ என்று அவிழ்ந்துகொண்டே வந்து, பூஜ்யத்தைத் தொட்டதும் மணியைத் தட்டும். கடைசி நிமிடத்தில் ஓடிப்போய்ச் சுவரில் சுவிட்சை அணைத்துப் பார்த்தேன். சூடு நின்றது, வில் நிற்கவில்லை, அடித்தது. கையால் திருகைப் பின்னுக்குத் திருப்பினேன், அப்போதும் அடித்தது. சில ஓவன்களில் நேரத் திருகை இடப்பக்கம் திருப்பினால் ‘தொடர்ந்து எரியட்டும்’ என்றொரு நிலை இருக்கும். என்னுடையதிலும் இருந்தது. அதில் வைத்துவிட்டு, கைப்பேசியை அதிர்வில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் பிரமாதமாகப் போனது. மூன்றாவது வாரம் கைப்பேசியை அறையில் மறந்து வைத்துவிட்டு, குழந்தையோடு நானும் தூங்கிப்போனேன். அந்த நிலையில் ஓவன் தானாக அணையாது. கருகல் வாடை வந்துதான் என்னை எழுப்பியது. அத்தோடு அந்தத் தந்திரத்துக்கு முழுக்குப் போட்டேன். கைக்குழந்தை உள்ள வீட்டில் பெற்றோர் எந்த நிமிடமும் தூங்கிவிடக்கூடியவர்கள். தானாக அணையாத எதையும் அவர்கள் கையில் கொடுக்கக்கூடாது.

எண்கள் ஒளிரும் வகை ஓவனுக்கு இன்னும் நூறு வெள்ளிக்கு மேல் கூடக் கொடுக்க வேண்டும். அதில் ‘பீப்’ சத்தம் வரும். சிலவற்றில் அதை அடக்கலாம், சிலவற்றில் முடியாது. கடையில் பிளக் மாட்டி, ஒரு நிமிடம் வைத்து, அடிக்கவிட்டுக் கேளுங்கள். விற்பவர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து சூடு. முதல் நான்கு கேக்குகளும் நடுவில் எரிமலை மாதிரிப் பொங்கி வெடித்தன, அடிப்பக்கம் கருத்தது. என் கைப்பக்குவம்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேக் சாமான் விற்கும் கடையில் 22 வெள்ளிக்கு ஓவனுக்குள் தொங்கவிடும் ஒரு சின்ன வெப்பமானி கிடைத்தது. திருகு 180 என்றது, உள்ளே முள் 205-ஐத் தாண்டியது. பிறகு இறங்கியது, மறுபடி ஏறியது. இதுபோன்ற ஓவன்களுக்குள் இருப்பது சூடு பட்டால் வளையும் ஈருலோகத் தகடு. அது வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும், ஆறினால் சேர்க்கும். ஆகவே சூடு ஒரே நிலையில் நிற்காது, ஊஞ்சல் ஆடும். ஆடுவதில் தவறில்லை, நடுப்புள்ளி எங்கே என்று தெரிந்தால் போதும். என் ஓவனில் திருகை 155-ல் வைத்தால்தான் சராசரி 175 வருகிறது. இருபது நிமிடம் முன்னதாகவே சூடேற்ற வேண்டும். கீழ்க் கம்பிக்கும் டின்னுக்கும் நடுவே ஒரு காலித் தட்டைச் செருகிவிட்டால் அடி கருகாது. ஒன்பது அங்குல டின் உள்ளே போகும், ஆனால் சுவரை ஒட்டி நின்று ஓரம் காய்ந்துவிடும். ஏழு அங்குலம்தான் சரி. பெரிய விருந்தென்றால் ஏழு அங்குலத்தில் இரண்டு சுட்டு ஒன்றன்மேல் ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு கணக்கு எதற்கென்றால், எங்கள் வீட்டு விருந்துகளில் பாதிப் பேர் முட்டை சாப்பிடமாட்டார்கள். கிள்ளானில் இருக்கும் மாமியார் கேக்கைக் கண்டதும் கேட்கும் முதல் கேள்வி, “மாப்பிள்ளை, முட்டை போட்டிருக்கா?” என்பதுதான். “இல்ல அத்தை, தயிர்தான்” என்ற பிறகுதான் தட்டை நீட்டுவார். முட்டை போட்ட கேக் சின்னச் சின்னத் தவறுகளை மன்னித்துவிடும். முட்டை இல்லாததோ மன்னிக்காது. தயிரின் புளிப்பும் பேக்கிங் சோடாவும் சேர்ந்த கணமே நுரைக்கத் தொடங்கும். அந்தக் காற்று கலவைக்குள் இருக்கும்போதே ஓவனுக்குள் போயாக வேண்டும். நான் கலந்து முடித்த நேரம் பார்த்துத்தான் மகள் எழுந்தாள். இருபத்தைந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தேன். சுட்டெடுத்தது கேக் இல்லை, இனிப்புக் களி.

அதற்கும் வழி உண்டு. கடையில் விற்கும் பேக்கிங் பவுடரில் பெரும்பாலானவை இரண்டு தடவை வேலை செய்பவை: ஈரம் பட்டதும் கொஞ்சம், சூடு பட்டதும் மிச்சம். சோடாவை மட்டும் நம்பாமல், பெரும்பங்கு வேலையை இந்தப் பவுடரிடம் விட்டால், கலவை கால் மணி நேரமாவது காத்திருக்கும். ஒரு டயப்பர் மாற்ற அது போதும்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டு மூன்று முனைப் பிளக்கில் இருக்கும் ஃபியூஸ் 13 ஆம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 3000 வாட். சமையலறையில் ஒரே சாக்கெட்தான் என்பதால் எக்ஸ்டென்ஷன் கட்டையில் ஓவனைச் செருகினேன். பக்கத்திலேயே 2200 வாட் தண்ணீர்க் கெட்டில், பால் புட்டிகளை நீராவியில் சுத்தப்படுத்தும் கருவி. ஒருநாள் மூன்றும் ஒன்றாக ஓடின. ஃபியூஸ் போனதோடு தப்பித்தோம். கட்டையைத் தொட்டால் கை சுட்டது. இப்போது ஓவனுக்குச் சுவர்ச் சாக்கெட், அது ஓடும்போது வேறெதுவும் ஓடாது. வாங்கும்போது கருவியில் பாதுகாப்புச் சான்றான சிரிம் ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் பாதி விலைக்கு வருவதைப் பார்க்கும்போது அதைத்தான் முதலில் தேட வேண்டும்.

மகள் தவழத் தொடங்கியதும் ஓவனுக்கு இன்னொரு குணம் வெளிப்பட்டது. கண்ணாடிக் கதவு கையைச் சுட்டுவிடும் அளவுக்குச் சூடாகிறது, அணைத்த பிறகும் நெடுநேரம் ஆறுவதில்லை. அதைவிட ஆபத்து வயர். மேடையிலிருந்து ஒரு வளையம் தொங்கினால் போதும், பத்து மாதக் குழந்தைக்கு அது பிடித்து எழுந்து நிற்கக் கிடைத்த கயிறு. வயரைச் சுருட்டி ஓவனுக்குப் பின்னால் கட்டிவிட்டேன். குழந்தையை மார்பில் கட்டிக்கொள்ளும் பை கைகளை விடுவிக்கும், உண்மைதான். மாவு சலிக்கலாம், பாத்திரம் துடைக்கலாம். ஆனால் அதோடு ஓவன் கதவைத் திறக்காதீர்கள். குனிந்ததும் முதல் ஆவி அவள் முகத்தில்தான் அடிக்கும்.

மச்சான் அவர் வீட்டிலிருந்து நின்றபடி அடிக்கும் பெரிய மிக்சர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். வெண்ணெயும் சீனியும் வெள்ளையாய்ப் பஞ்சுபோல் வரும், அதில் குறையே இல்லை. ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் லாரி வந்து நின்ற மாதிரி சத்தம். அதை மறைக்க, குழந்தைகளுக்கென்று விற்கும் இரைச்சல் கருவியை வாங்கித் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். சத்தத்தை மறைக்க இன்னொரு சத்தம்! பிறகுதான் 2014-ல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்த கனடிய ஆய்வு கண்ணில் பட்டது. அத்தகைய 14 கருவிகளை முழுச் சத்தத்தில் வைத்து அளந்திருக்கிறார்கள். 30 செ.மீ. தூரத்தில் அத்தனையும் மருத்துவமனைக் குழந்தைப் பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்ட 50 டெசிபலைத் தாண்டியிருக்கின்றன. மூன்று 85-ஐயும் தாண்டியிருக்கின்றன. குழந்தையிடமிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். எங்கள் படுக்கையறையில் இரண்டு மீட்டர் தள்ளினால் அது குளியலறைக்குள் போய்விடும். மிக்சரை மச்சானிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது எண்ணெய் ஊற்றிச் செய்யும் கேக்தான். ஒரு கம்பிக் கலக்கி, ஒரு பாத்திரம், மூன்று நிமிடம், சத்தமே கிடையாது. வெண்ணெய் கேக்கின் மணம் இதில் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பண்டான் சாறும் தேங்காய்ப்பாலும் பாதியை ஈடுகட்டும்.

மின்தொட்டிலைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். மலேசியாவில் குழந்தை பிறந்த வீட்டுக்கு மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று யார் வந்தாலும் கேட்கும் கேள்வி, “புவாயான் வாங்கியாச்சா?” ஸ்பிரிங்கில் துணித்தொட்டில், மேலே ஒரு மோட்டார். நம் ஏணைக்கு மின்சாரம் கொடுத்த மாதிரி. மகள் மூன்று நிமிடத்தில் தூங்கினாள். கேக் சுட இதைவிட வசதி வேறில்லை என்று தோன்றியது, தோன்றியதும் பயமும் வந்தது. துணிக்குள் குழந்தையின் முதுகு வளைகிறது, தாடை நெஞ்சில் முட்டுகிறது. அந்த நேரம் பார்த்து நான் சுவருக்கு அந்தப் பக்கம் மாவு கலந்துகொண்டிருக்கிறேன். தட்டையான, இறுக்கமான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். பத்து டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை விற்கவே கூடாது என்று அமெரிக்கா 2022-ல் சட்டம் போட்டது. அம்மா ஏணையை ஆட்டிய காலத்தில் ஆட்டும் கை பக்கத்தில் இருந்தது. மோட்டார் வந்ததும் கை எழுந்து போய்விடுகிறது. நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் ஆட்டி, கண் மூடியதும் மெத்தைக்கு மாற்றுகிறோம். அப்படியானால் மோட்டாருக்குக் கொடுத்த காசு வீண்தானே என்றால், ஆமாம், வீண்தான்.

கடைசியாக, இந்த ஓராண்டில் வாங்கியவற்றில் உண்மையிலேயே உழைத்த சாமான். அது சமையலறைச் சாமானே இல்லை.

என் மனைவிக்கு மகப்பேறு விடுப்பு 98 நாள். 2023 ஜனவரி 1-இல் சட்டம் மாறியதால் கிடைத்தது. அதற்கு முன் 60 நாள்தான். அப்பாவுக்கு ஏழு நாள், அதையும் சொல்லிவிடுகிறேன். மனைவி வேலைக்குத் திரும்பியபோது, பிழிந்தெடுத்த பாலை வீட்டுக்குக் கொண்டுவர ஒரு குளிர்காப்புப் பை வாங்கினோம், உறையவைக்கும் பொட்டலங்களோடு 89 வெள்ளி. தாய்ப்பால் வெளியே நான்கு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரி வரையுள்ள அறைக்கான கணக்கு. நம் ஊர் மதியத்துக்கு அது பொருந்தாது. நன்றாக உறைந்த பொட்டலங்களோடு பைக்குள் வைத்தால் ஒருநாள் வரை தாங்கும்.

முதல் பிறந்தநாள் விருந்து கிள்ளானில், மாமியார் வீட்டில், ஒரு சனிக்கிழமை மதியம். கிரீமில் இருக்கும் வெண்ணெய் உருகத் தொடங்குவது 32 டிகிரி வாக்கில். கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசலில் நிற்கும் காருக்குள் கேக்கின் மேல் கிரீம் ரோஜாப்பூ வைத்துக்கொண்டு போவது வீண்வேலைதான். பின்னிருக்கையில் பாதி குழந்தை இருக்கைக்கு. 2020 தொடக்கத்திலிருந்து தனியார் கார்களில் அது கட்டாயம். மீதி இருக்கை சாய்வாக இருப்பதால் கேக் வழுக்கும். ஆகவே இரண்டு அடுக்குகளையும் பூசாமல், தனித்தனி டப்பாவில், பின்பெட்டியின் தட்டையான தரையில் வைத்தேன். கிரீமைப் பிழியும் பைகளில் நிரப்பி, நுனியைக் கட்டி, பால் புட்டிகளுக்குப் பக்கத்தில் குளிர்காப்புப் பைக்குள் அடுக்கினேன். கோத்தா டாருல் ஏசான் வளைவைத் தாண்டியதும் நெரிசல். கிள்ளான் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. திறந்து பார்த்தபோது கிரீம் கெட்டியாகவே இருந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்துப் பத்து நிமிடத்தில் பூசி முடித்தேன். மாமியார் வழக்கமான கேள்வியைக் கேட்டார், வழக்கமான பதிலைச் சொன்னேன், இரண்டாவது துண்டு கேட்டார். பிறந்தநாள்காரிக்கு மட்டும் சீனி போடாமல் வாழைப்பழமும் ஓட்ஸும் மசித்துச் சுட்ட உள்ளங்கையளவு கேக். அதில் முக்கால்வாசி அவள் தலைமுடிக்குப் போனது.

தீர்ப்பு இதுதான். ஓவன்: மணியையும் பொய்ச் சூட்டையும் பொறுத்துக்கொள்ள முடிந்தால் 239 வெள்ளிக்குத் தகும். பெரிய மிக்சர்: குழந்தை பள்ளிக்கூடம் போகட்டும். மின்தொட்டில்: வேண்டாம். குளிர்காப்புப் பை: குழந்தை பிறக்கும் முன்பே வாங்கிவிடலாம், பால் நின்ற பிறகும் கேக்குக்கு ஆகும். ஓவன் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் புதிதாக ஒன்று பார்க்கக் கிளம்பும் முன் அந்த 22 வெள்ளி வெப்பமானியை உள்ளே தொங்கவிட்டு ஒருதடவை பாருங்கள்.