தலைகீழாகக் கிடக்கும் தட்டு

சி.டி.யின் எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி வை என்று கேட்கும் பிளேயர் முன்னால் யாருக்கும் கை ஒரு கணம் தயங்கும். 1990களில் பயனியர் நிறுவனம் தன் உயர்தர மாடல்களில், பி.டி.-95 உட்பட, வைத்த ஏற்பாடு இது. வழக்கமான பிளேயர் தட்டின் நடுவை மட்டும் பற்றிச் சுழற்றும். விளிம்பு அந்தரத்தில் அதிரும். இங்கோ எல்பி ரெக்கார்டுக்கு இருப்பதைப்போல் அகன்ற சுழல்மேடை முழுத் தட்டையும் தாங்குகிறது. லேசர் மேலிருந்து படிக்கிறது. படிக்கவேண்டிய தடங்களுக்கு நடுவே இடைவெளி வெறும் 1.6 மைக்ரான், வேகமோ நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்றில் தொடங்கி 200க்கு இறங்குவது. அவ்வளவு நுட்பமான வேலைக்கு இந்தத் தாங்கல் நியாயமானது, அழகானதும்கூட. லென்ஸ் கீழ்நோக்கி இருப்பதால் அதன்மேல் தூசியும் எளிதில் படியாது.