வழி போட்ட இடம் வரைக்கும்

எண்ணூர் விரைவுச் சாலையில் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கிக் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: யார்டில் இடம் இருப்பது வேறு, அங்கே வண்டி போக வழி இருப்பது வேறு. கண்விழிக்கும் லினக்ஸ் கெர்னலின் நிலையும் அதுதான். 8 ஜிபி நினைவகம் இருந்தாலும், முகவரிகளுக்கு வழிகாட்டும் பக்க அட்டவணையில் ஏறிய பகுதியை மட்டுமே அது தொடலாம். மிச்சத்தை அட்டவணையில் ஏற்றவும் நினைவகம் வேண்டும். கோழியா முட்டையா கதை.

அட்டவணை முழுமையாகும்வரை நினைவகத்தைப் பங்கிட்டுத் தருவது, கெர்னலின் மெம்பிளாக் என்ற பகுதி. 2010-இல் இந்தப் பெயரில் வந்தது. அதே வேலையைச் செய்த பழைய பூட்மெம்மை 2018-இல் முழுதாக வெளியேற்றியது. இதற்குள் 'இப்போதைய எல்லை' என்று ஒரே ஓர் எண்; அதற்கு மேலுள்ள இடத்தை அது கொடுக்காது. இன்டெல் வகைக் கணினிகளில் அது முதலில் 1 எம்பி. அதிலும் 640 கேபிக்கு மேலுள்ளது திரைக்கும் பயாஸுக்கும் போய்விடும். அட்டவணை விரிந்ததும் எல்லை உயரும்.

ஏற்பாடு எளிது, அவசியமானதும்கூட. மெம்பிளாக் வழக்கமாக உச்சியிலிருந்து கீழ்நோக்கி இடம் கொடுக்கும். எல்லை இல்லையென்றால் முதல் கோரிக்கைக்கே வழியில்லாத இடம்தான் கிடைக்கும்; தொட்டால் கெர்னல் விழும்.

எனக்கு உறுத்துவது, அந்த எண் கேட்பவர் கண்ணில் படாமல் இருப்பதுதான். ஒரே கோரிக்கை, எல்லை உயர்வதற்கு முன் ஓரிடத்தையும் பின் வேறிடத்தையும் பெறுகிறது; நிரலின் வரியைப் படித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒழுங்குபடுத்துகிறேன் என்று யாராவது அதைப் பத்து வரி மேலே நகர்த்தினால், பெரிய கோரிக்கை 640 கேபிக்குள் முட்டி மோதும். மற்ற கோர்களை எழுப்பும் 16-பிட் நிரலும் அதே கீழ்த்தளத்தில்தான் உட்கார வேண்டும். இடம் தீர்ந்தால் பெரும்பாலும் கெர்னல் 'பேனிக்' ஆகி நின்றுவிடும். திரை அப்போது உயிர் பெற்றிருக்குமா என்பதே சந்தேகம்.

உச்ச முகவரியைக் கேட்பவரே சொல்லும் வசதி ஏற்கெனவே உண்டு. ஆனால் எது எப்போது எட்டும் என்பதை ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது அதன் விலை. துவக்க வரிசை நாலைந்து பேருக்கு மனப்பாடமாக இருந்தவரை மறைந்த எண் போதும். மெட்ராஸ் ஐஐடியின் சக்தி சிப்பில் 2018-இல் லினக்ஸ் துவங்கியதுபோல, புதுச் சிப்புகளுக்குப் புதிதாக வரிசை எழுதுகிறவர்கள் பெருகும்போது அந்த விலையைக் கொடுத்துவிடலாம் என்பேன்.

துவக்கத்தில் மெம்பிளாக் பிழைகாண் வசதியை இயக்கினால், ஒவ்வொரு கோரிக்கையும் யார் கேட்டது, எத்தனை பைட் என்று பதிவாகும். உச்ச முகவரி என்ற இடத்தில் மட்டும் பெரும்பாலும் சுழியம் இருக்கும். 'அப்போதைய எல்லை எதுவோ அது' என்று அதற்கு அர்த்தம். அந்த எல்லை எவ்வளவு என்று அந்த வரியில் இருக்காது.