மூன்று கோள்கள் போதுமா?

புவிநிலைச் செயற்கைக்கோள்கள் மூன்று இருந்தால் உலகம் முழுவதும் ஒளிபரப்பலாம் என்று நம் அறிவியல் நூல்கள் பலவும் எழுதுகின்றன. மாணவர்களும் அதையே விடையாக எழுதுகிறார்கள். 1945இல் ஆர்தர் கிளார்க் கூறிய இக்கருத்தை, அதன் எல்லையைச் சொல்லாமல் எடுத்தாள்வது சரியன்று.

இக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் உள்ளவை. 93.5 பாகை கிழக்கில் நிற்கும் கோள், நெய்வேலியில் தொடுவானத்திலிருந்து 69 பாகை உயரத்தில் இருக்கும். லடாக்கின் லே நகரில் 47 பாகை. நார்வேயின் டிராம்சோவில், நேர் தெற்கிலுள்ள கோள்கூட 12 பாகைக்கு மேல் எழாது. எதிரே மலை மறைத்தால், எவ்வளவு பெரிய டிஷ் ஆன்டெனாவும் பயன்படாது. தெற்கு திறந்த இடமே வேண்டும். அட்சரேகை 81 பாகையைத் தாண்டினால் கோளே தெரியாது.

வடகோடிக்கும் எட்டும்படி, சோவியத் நாடு 1965இல் மோல்னியாவை நீள்வட்டப் பாதையில் ஏவியது. 'துருவங்கள் நீங்கலாக' என்ற இரு சொற்களை நூலாசிரியர்கள் சேர்க்கலாகாதா?