ஐயோ, ரெண்டும் ஒரே மெட்டு!

சொன்னால் சிரிப்பீங்க, பரவாயில்லை. பேத்தமங்களா ஏரிக்கரையில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தலை நரைத்த இந்த ஆள் கைதட்டிக் குதித்தேன். தூண்டில் போட்டிருந்தவர்கள் திரும்பி முறைத்தார்கள். முறைக்கட்டுமே!

நீங்களே நினைத்துப் பாருங்க. பாலாற்றுத் தண்ணீர், தங்கவயல் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளின் தாகம் தீர்த்த ஏரி, சாய்ந்த வெயிலில் பித்தளைத் தாம்பாளம் மாதிரி மின்னுது. காற்றில் பாசி வாடை, கையில் சூடு ஆறாத கடலைப் பொட்டலம். ஒரு காதில் இயர்போன்; அதில் முத்துசாமி தீட்சிதரின் 'ச்யாமளே மீனாக்ஷி'. மறுபக்கம் ஒண்ணாம் வகுப்பு படிக்கும் தங்கச்சி மகள், தன் பாட்டுக்கு ட்விங்கிள் ட்விங்கிள் பாடுகிறாள். திடீரென்று ரெண்டு காதும் ஒன்றாகிவிட்டது! உடம்பெல்லாம் புல்லரிப்பு.

அது பழைய பிரெஞ்சு மெட்டு. அதை எடுத்து மொசார்ட் பியானோவுக்கு 12 விதமாக மாற்றி மாற்றி எழுதி விளையாடினார். அவருக்கு 19 வருஷம் பின்னால், 1775இல், திருவாரூரில் பிறந்த நம்ம ஆள் என்ன செய்தார் தெரியுமா? குடும்பம் சென்னைப் பக்கம் மணலியில் இருந்த காலம். கோட்டையில் வெள்ளைக்காரன் பேண்டு வாசிக்கிறான், தம்பி பாலுசாமி வயலினையே கற்றுக்கொண்டு நம்ம கச்சேரிக்குள் கொண்டுவருகிறார், அண்ணன் அந்த பேண்டு மெட்டுகளைப் பிடித்து சமஸ்கிருதத்தில் சாகித்யம் போட்டு, மீனாட்சிக்கும் கணபதிக்கும் பாடி வைக்கிறார், ஒன்றா ரெண்டா, நாற்பதுக்குப் பக்கம், எல்லாமே சங்கராபரணம், அதாவது அவர்களுடைய மேஜர் ஸ்கேல்; இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டைக்கூட விடவில்லை, அதுதான் 'சந்ததம் பாஹிமாம்', கமலாம்பா நவாவரணக் கிருதிகளை யானை நடையில் நடத்திய அதே மனுஷன், குழந்தை துள்ளுகிற மாதிரி இதையும் செய்திருக்கிறார், எனக்குத் தொண்டை அடைக்காமல் என்ன செய்யும்! எங்க தாத்தா தங்கவயலின் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து வரும்போது துரைமார் கிளப்பின் வேலிக்கு வெளியே நின்று கேட்ட சங்கீதம் அந்த ஜாதிதான். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்து நடந்தார். தீட்சிதரோ அதை வேலிக்கு இந்தப் பக்கம் தூக்கி வந்து மீனாட்சி மடியில் உட்கார வைத்துவிட்டார்!

ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் இல்லை, 'நோட்டுஸ்வரம்' என்கிற இந்தப் பாட்டுகள் வெறும் விளையாட்டு என்பார்கள் சில வித்வான்கள். சரி, இல்லைதான். அதனால் என்ன?

ராபர்ட்சன்பேட்டை பஸ் போய்விட்டது. மருமகளின் காதில் இயர்போனை மாட்டினேன். கண்ணை விரித்தாள். "மாமா, இவங்க என் பாட்டைப் பாடுறாங்க!"