டாப்பரைப் பிடித்து வைக்கும் வலை

மெத்தைமேல் போடும் டாப்பர் ஏன் நகர்கிறது? கீழே வழவழவென்று பாலியஸ்டர் உறை, மேலேயும் அதே சங்கதி. புரண்டு படுக்கிறவர் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளிவிடுகிறார். மூலைகளில் தைத்த எலாஸ்டிக் பட்டை மூலையைத்தான் பிடிக்கும். நடுப்பகுதி மடிந்து மேடாகும்.

என் ஓட்டு, சமையலறை அலமாரித் தட்டில் விரிக்கிறார்களே, அந்த வழுக்காத வலைவிரிப்புக்குத்தான். பாலியஸ்டர் நூல்வலைமேல் பிவிசி நுரை பூசியது. பார்த்தால் பரம சாது. மெத்தைக்கும் டாப்பருக்கும் நடுவே விரித்து, ஆள் படுத்ததும் எடை அழுத்த, இருபக்கத் துணியையும் கவ்விக்கொள்கிறது. பசை கிடையாது, தையல் கிடையாது. அழுத்தம் கூடினால் பிடியும் கூடும். ஓட்டைகள் வழியே காற்றும் போகும்.

தூசி படிந்தால் பிடி தளரும். அலசி நிழலில் காயப்போட வேண்டும். டாப்பரைவிட நாலு விரற்கடை குறைத்து வெட்டினால் ஓரத்தில் எட்டிப் பார்க்காது. வீட்டுக் கத்தரிக்கோலே போதும்.