கழங்கும் கணக்கும்

அகப்பாடல்களில் வெறியாட்டு என்றொரு துறை உண்டு. காதல்கொண்ட மகள் மெலிகிறாள். காரணம் அறியாத தாய் வேலனை அழைக்கிறாள். அவன் கழங்குக் காய்களை எண்ணிப் பார்த்து, இது முருகன் தீண்டிய நோய் என்கிறான். ஆடு பலியாகிறது. களத்தின் நடுவே அவள் நிற்கிறாள்; என்ன நேர்ந்தது என்று அவளிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை.

நான் தமிழ் படித்தவள், தமிழ் கற்பிப்பவள். புள்ளியியல் என் துறை இல்லை. ஆனாலும் நம் நாட்டின் எச்.ஐ.வி. மதிப்பீடுகளை ஒரு பிரதியை வாசிப்பதுபோல் வாசிக்கத் தொடங்கியபோது இந்தத் துறைதான் நினைவில் நின்றது. புள்ளியியலாளர்களை வேலன் என்று சொல்ல வரவில்லை. வேலனுக்குத் தன் கணிப்பில் ஐயமே கிடையாது. இவர்களோ ஒவ்வோர் எண்ணும் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். நான் கேட்பது வேறு. எண்ணப்படுவது யாருடைய உடல்? எண்ணி முடித்தபின் அந்தச் செய்தி யாரிடம் போய்ச் சேர்கிறது?

2023ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி இந்தியாவில் 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 81 சதவீதம் பேருக்குத் தங்கள் நிலை தெரியும். மீதியைக் கணக்கிட்டால், கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் தொற்று இருப்பதை அறியாமலே வாழ்கிறார்கள். இந்த ஐந்து லட்சத்தை யாரும் எண்ணவில்லை. அது ஒரு கழித்தல் கணக்கின் விடை. மொத்தம் இவ்வளவு இருக்கும் என்று ஒரு கணித மாதிரி சொல்கிறது, பரிசோதனையில் தெரியவந்து உயிரோடிருப்பவர்கள் இவ்வளவு என்று பதிவேடு சொல்கிறது, இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் “அறியாதவர்கள்.” ஒருவர் இரண்டு ஊர்களில் இரண்டு பெயர்களில் சோதித்துக்கொண்டாலும், இறந்தவரின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படாமல் போனாலும் இந்த இடைவெளி பொய்யாகச் சுருங்கும். தனியார் ஆய்வகத்தில் தெரிந்துகொண்டு வாய்மூடியிருப்பவர், தான் அறிந்திருந்தும் “அறியாதவர்” பட்டியலிலேயே நிற்பார்.

வேறு சில நாடுகளில் இன்னொரு வழியையும் கையாள்கிறார்கள். சிகிச்சை இல்லாதபோது இரத்தத்திலுள்ள சிடி4 அணுக்கள் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே போகும். ஆகவே, நோய் கண்டறியப்படும் நாளில் அந்த எண்ணிக்கை எவ்வளவு இருந்தது என்று பார்த்தால், தொற்று உள்ளே வந்து எத்தனை காலமாயிற்று என்பதை ஏறத்தாழச் சொல்லிவிடலாம். அப்படிப் பின்னோக்கிக் கணக்கிட்டு, இன்னும் கண்டறியப்படாதவர்கள் எத்தனை பேர் என்று ஊகிக்கிறார்கள். உடல் எழுதிவைத்த காலக்குறிப்பைப் படிக்கும் வேலை இது.

இந்தியாவின் மொத்தக் கணக்கு நெடுங்காலமாக நின்றது கர்ப்பிணிகளின் இரத்தத்தின் மேல். தேர்ந்தெடுத்த அரசு மருத்துவமனைகளில், ஒவ்வொரு மையத்துக்கும் 400 கர்ப்பிணிகள். அவர்களிடம் வழக்கமான சோதனைகளுக்கு எடுத்த இரத்தத்தில் மிஞ்சியதைப் பெயர் நீக்கிச் சோதித்தார்கள். பாலியல் தொழிலாளர், திருநங்கையர், ஆணோடு உறவுகொள்ளும் ஆண், ஊசிவழிப் போதை மருந்து எடுப்பவர் ஆகியோருக்குத் தனி மையங்கள். “பொது மக்கள்” என்ற பெரும்பரப்புக்கோ கர்ப்பிணியே பிரதிநிதி.

அந்த அடித்தளம் எவ்வளவு ஆட்டம் கண்டது என்பதை 2007 காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு இந்தியாவில் 57 லட்சம் பேர் என்று சொல்லியிருந்தது. 2007இல் அந்த எண் ஏறத்தாழ 25 லட்சமாகச் சரிந்தது. யாரும் குணமாகவில்லை. 2005-06 தேசியக் குடும்ப நல ஆய்வில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள், ஆண்களின் இரத்தம் வீடு வீடாகப் பெறப்பட்டது, தொற்று 0.28 சதவீதம் என்று தெரிந்தது. அரசு மருத்துவமனைக்கு வரும் ஏழைப் பெண்ணின் இரத்தத்தை வைத்து நாட்டையே அளந்தது மிகையான கணக்கு என்பது அப்போது புலப்பட்டது. ஆனால் வீட்டு ஆய்வுக்கும் ஓர் எல்லை உண்டு. வாசற்கதவு இருப்பவர்களைத்தான் அது எண்ணும். நடைபாதையில் படுப்பவரும் சிறையில் இருப்பவரும் அதில் விடுபட்டுப்போவார்கள்.

பெயர் நீக்கிய சோதனைக்கு நியாயம் சொல்லப்பட்டது. பெயர் கேட்டால் பலர் மறுப்பார்கள், கணக்கு கோணலாகும் என்பது அந்த வாதம். இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை 2004இல்தான் இங்கே தொடங்கியது; அதற்கு முன் தெரிந்தும் செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்றும் சொல்லலாம். ஒரு நாடு தன் நோயின் அளவை அறிந்தாக வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அந்த முறையின் பொருளைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: ஒருத்தியின் இரத்தம் நாட்டுக்குச் செய்தி சொன்னது, அவளுக்குச் சொல்லவில்லை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்ற பெயரில் இயங்கும் ஆலோசனை, பரிசோதனை மையங்களில் கர்ப்பிணிக்குச் சோதனை நடக்கிறது. முடிவு அவளிடமே சொல்லப்படுகிறது. குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்க மருந்து தரப்படுகிறது. இது பெரிய நன்மை. ஆனால் இதன் விளைவாக, ஒரு குடும்பத்தில் முதலில் சோதிக்கப்படுபவள் மனைவி. ஆணின் வாழ்க்கையில் இப்படிக் கட்டாயமாக மருத்துவமனை வாசலுக்குக் கொண்டுவரும் கட்டம் எதுவும் இல்லை. தன் நிலையை அறிந்தவர் விகிதம் உலக அளவில் பெண்களைவிட ஆண்களிடம் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் தெரியவருபவள், முதலில் பெற்றவளாக ஆக்கப்படுகிறாள். அறிந்த வரிசையே குற்றத்தின் வரிசையாகிவிடுகிறது. உண்மையோ பெரும்பாலும் தலைகீழ். சென்னையில் சிகிச்சைக்கு வந்த பெண்களைப் பற்றி 2000இல் வெளியான ஆய்வில், பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் கணவன் ஒருவனைத் தவிர வேறு உறவே அறியாதவர்கள். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டமும் இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. துணைவருக்குத் தெரிவித்தால் வன்முறையோ கைவிடலோ நேரும் என்ற அச்சம் இருந்தால், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், மருத்துவப் பணியாளர் தெரிவிக்கக் கூடாது என்கிறது. வாழ்ந்த வீட்டிலேயே தொடர்ந்து வாழும் உரிமையையும் தருகிறது. இப்படி ஒரு பிரிவைச் சட்டத்தில் எழுதவேண்டி வந்ததே, நம் வீடுகளைப் பற்றிய ஒரு விமர்சனம்.

இனி, எந்தப் பெண் இந்தப் பார்வையில் படவே மாட்டாள் என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் பெண்கள் இருபதுகளின் நடுவிலேயே இரண்டு குழந்தை பெற்றுக் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்வது வழக்கம். அதோடு அவள்மேல் இருந்த அரசின் கண் விலகிவிடுகிறது. கணவனோ அதன்பிறகும் முப்பது ஆண்டுகள் பயணம் போகிறான், திரும்பி வருகிறான். கருவுறாதவள், மணமாகாதவள், ஐம்பது கடந்தவள், எல்லோரும் அப்படியே. கருப்பை வழியாக மட்டும் பெண்ணைப் பார்க்கும் ஓர் ஏற்பாட்டுக்கு, கருப்பையின் வேலை முடிந்த பெண் தென்படுவதில்லை. அந்த ஐந்து லட்சத்தில் அவள் எத்தனை பேராக இருக்கிறாள் என்பதே என் கேள்வி.

இந்தத் துறையின் சொற்களையும் பார்க்க வேண்டும். லாரி ஓட்டுநர்களையும் புலம்பெயர் தொழிலாளர்களையும் “பாலம்” என்கிறார்கள். நோய் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போக அவர்கள் பாலமாம். ஒரு கரையில் பாலியல் தொழிலாளி, மறு கரையில் மனைவி. இரண்டு பெண்களும் கரைகளாக அசையாமல் கிடக்க, ஆண் மட்டும் நடமாடுகிறான்; ஆனாலும் நோயின் ஊற்று என்று எப்போதும் முதல் கரையே சுட்டப்படுகிறது. 2000களின் தொடக்கத்தில் நம் சுவர்களையெல்லாம் நிரப்பிய விளம்பரத்தை நினைத்துப் பாருங்கள். புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று ஊரே கேட்டது. அந்தக் கேள்வியில் புள்ளிராஜாவின் மனைவிக்குப் பெயர் இல்லை.

இந்தக் கணக்கின் தொடக்கமும் சென்னையில்தான். 1986இல் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், மாணவி நிர்மலா இரத்த மாதிரிகள் சேகரித்தார். வேலூரில் நடந்த சோதனையில் ஆறு பேருக்குத் தொற்று தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. அறியப்பட்ட முதல் நிகழ்வு அது. இரு பெண்கள், மறுப்புகளுக்கு நடுவே, துணிந்து செய்த அறிவியல் பணி. அதே வேளையில், இரத்தம் தந்தவர்களில் பலர் பாலியல் தொழிலுக்காகப் பிடிபட்டு, ஜாமீனில் எடுக்க ஆளின்றிக் காப்பகத்தில் இருந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. விலகி நடந்துபோக முடியாத பெண்களிடமிருந்துதான் நாடு எண்ணத் தொடங்கியது. அவர்களிடம் வந்துபோன ஆண்கள் அன்று எந்தப் பட்டியலிலும் இல்லை.

வெறியாட்டுப் பாடல்களில் தோழி என்று ஒருத்தி இருக்கிறாள். நோயின் உண்மைக் காரணத்தை அறிந்தவள். தலைவிக்கு ஊறு நேராமல், சொல்ல வேண்டியவரிடம் சொல்ல வேண்டிய அளவில் சொல்பவள். அறத்தொடு நிற்றல் என்று அதற்குப் பெயர். இன்று அந்த இடத்தில் இருப்பவர் நம்பிக்கை மையத்தின் ஆலோசகர். அவரோ ஒப்பந்த ஊழியர். 1998இல் கௌசல்யாவும் தோழியரும் சென்னையில் தொடங்கிய பாசிட்டிவ் பெண்கள் கூட்டமைப்பு இன்னொரு படி மேலே போனது. அங்கே தலைவியே தன் நோயைத் தன் பெயரில் பேசினாள்.

எண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனை பேருக்கு மருந்து வாங்குவது என்பதை எண்தான் தீர்மானிக்கிறது. அறியாதவர்களில் பெண்கள் எத்தனை, எந்த வயதினர், குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் பின் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்லும் கணக்கு வேண்டும். கர்ப்பிணியைச் சோதிக்கும் அன்றே, அவள் சம்மதித்தால், கணவனையும் அழைத்து இருவருக்கும் ஒன்றாகச் சோதிக்கும் முறை எல்லா இடத்திலும் நடைமுறையாக வேண்டும். முதலில் தெரிந்தவள் என்ற காரணத்துக்காக ஒருத்தி வீட்டை விட்டு வெளியேற்றப்படும்வரை, “அறிந்தவர் 95 சதவீதம்” என்ற இலக்கை நாடு தொட்டாலும், அந்த அறிதலின் விலையை அவள் ஒருத்திதான் கொடுத்துக்கொண்டிருப்பாள்.